பழைய வேனின் கன்வேட்டர்: தானாகக் கெட்டதா, நாமே கெடுத்ததா?



ஒரு காலத்தில் தோட்டத்தில் வாகனம் என்றால் துரையின் ஜீப்பும், ஸ்டோருக்குக் கொழுந்து ஏற்றும் லொறியும்தான். இன்று லயத்து வாசலிலேயே ஆட்டோ நிற்கிறது, சின்ன வேன் நிற்கிறது. எங்கள் பிள்ளைகள் பலர் ஸ்கூல் ஹயர் ஓடியும், டவுனுக்கு ஆள் ஏற்றியும் பிழைக்கிறார்கள். அந்த வேன் சும்மா வந்ததல்ல. அம்மா ஓய்வுபெற்றபோது கிடைத்த சேமலாப நிதி, அடகுக்குப் போன தங்கையின் சங்கிலி, கொழும்புக் கடையில் நிற்கும் தம்பி அனுப்பிய காசு, எல்லாம் சேர்ந்துதான் வேனாக நிற்கிறது. ஆகவே அதில் ஒரு சாமான் பழுது என்று யாராவது சொன்னால் அது முழுக் குடும்பத்துக்கும் கவலை.

இம்முறை பாடம் பெற்றோல் வேன், கார்களின் 'கெட்டலிட்டிக் கன்வேட்டர்' பற்றியது. ஸ்டோர் லொறியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு மாமாவும், ஸ்கூல் வேன் ஓட்டும் அவருடைய மருமகனும் பேசிக்கொள்வதை முதலில் கேட்போம்.

மருமகன்: மாமா, வண்டி ஏத்தத்துல இழுக்கவே மாட்டேங்குது. கராஜ்ல காட்டினேன். கன்வேட்டர் அடைச்சிருச்சாம். உள்ள இருக்கிறத உடைச்சு எடுத்துட்டா சரியாப் போயிருமாம்.

மாமா: அதுக்கு எவ்வளவு கேட்டாங்க?

மருமகன்: காசே வேணாமாம் மாமா. உடைச்சு எடுக்கிற தூள அவங்களே வச்சிக்கிறாங்களாம்.

மாமா: காசு வேணாம்னு சொல்ற எடத்துலதான் கவனமா இருக்கணும். சரி, அது ஏன் அடைச்சிச்சுன்னு கேட்டியா?

மருமகன்: அதக் கேக்கலியே.

மாமா: அதத்தான் முதல்ல கேக்கணும். வா, வண்டியப் பாப்போம்.

மாமா கேட்ட அந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் சாரம். கன்வேட்டர் தானாகக் கெடுவது குறைவு. பெரும்பாலும் வேறொரு பழுதுதான் அதைக் கொல்கிறது. அந்தப் பழுதைப் பார்க்காமல் புதுசு போட்டால், புதுசும் அதே வழியில் போகும்.

கன்வேட்டர் என்றால் என்ன?

எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயின் நடுவில், கொஞ்சம் உப்பலாக ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி உண்டு. ஒரு சதுர அங்குலத்தில் சுமார் 400 கண்கள் இருக்கும் அளவுக்கு அது நுண்ணியது. அந்தக் கண்களின் சுவரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் பூசப்பட்டிருக்கும். மொத்தமாகப் பார்த்தால் சில கிராம்தான்.

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், 'ஊக்கி' என்றால் என்னவென்று சொல்வார்கள். தான் செலவாகாமல் தாக்கத்தை வேகப்படுத்துவது ஊக்கி. இங்கே நடப்பது அதுதான். நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு காபனீரொட்சைட்டாக மாறுகிறது. எரியாமல் வந்த பெற்றோல் ஆவி நீராவியாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுகிறது. நைதரசன் ஒட்சைட்டுகள் மீண்டும் நைதரசனும் ஒட்சிசனுமாகப் பிரிகின்றன. இதற்குச் சூடு வேண்டும். ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியஸ் வந்த பிறகுதான் கன்வேட்டர் ஒழுங்காக வேலை தொடங்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது தூங்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாகனப் புகையைச் சுத்தம் செய்யும் ஊக்கிகளை 1950களில் உருவாக்கியவர்களுள் முக்கியமானவர், பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த பொறியியலாளர் யூஜின் ஹூட்ரி. அன்றைய பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயம் ஊக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால் ஈயமில்லாப் பெற்றோல் வந்த பிறகு, 1975ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்துதான் அமெரிக்காவில் இது பரவலானது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது.

எல்லாப் பழைய வாகனத்திலும் இது இருக்காது. கார்புரேட்டர் போட்ட சில பழைய கார்களில் இல்லை. யாராவது "கன்வேட்டர் பழுது" என்றால், முதலில் குனிந்து கீழே பாருங்கள், சாமான் இருக்கிறதா என்று. டீசல் வண்டிக்கு இந்தப் பாடம் பொருந்தாது.

எது அதைக் கொல்கிறது?

முதலாவது, எரியாத பெற்றோல். சின்ன ஜப்பான் வேன்கள் பலவற்றில் எஞ்சின் 660 சீசீ, மூன்று சிலிண்டர். அதில் ஒரு பிளக் வேலை செய்யாவிட்டால், மூன்றில் ஒரு பங்கு பெற்றோல் எரியாமல் அப்படியே கன்வேட்டருக்குப் போகிறது. அங்கே போய் எரிகிறது. வழமையாக 400 முதல் 800 பாகை வரை இருக்க வேண்டிய கன்வேட்டர், 1000 பாகையையும் தாண்டிவிடும். முதலில் பூச்சு கெடும், பிறகு பீங்கானே உருகிக் கண்கள் மூடிவிடும்.

இரண்டாவது, எஞ்சின் ஒயில். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் குடிக்கிறது என்று பொருள். ஒயிலில் உள்ள பொசுபரசு ஊக்கியின் மேல் படிந்து மூடும்.

மூன்றாவது, கூலன்ட். வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கெஸ்கட்டைச் சந்தேகியுங்கள். குளிர்காலைகளில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளை ஆவி நோயல்ல.

நான்காவது, அளவுக்கு மிஞ்சிய பெற்றோல். கறுப்புப் புகை வரும், பெற்றோல் செலவு கூடும். எயார் பில்டர் அடைப்பு, ஒட்சிசன் சென்சர் பழுது, ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவை காரணமாகலாம். மலைநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. எஞ்சின் சூடாகிறது என்று தேர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறோம். அதன் பின் குளிர்ப் பிரதேசத்தில் எஞ்சின் உரிய சூட்டுக்கு வருவதேயில்லை. எஞ்சின் இன்னும் குளிராக இருக்கிறது என்று நினைத்து, கம்பியூட்டர் கூடுதலாகப் பெற்றோல் கொடுத்துக்கொண்டே இருக்கும். கரி படியும்.

ஐந்தாவது, எங்கள் பழக்கங்கள். லயத்திலிருந்து ஸ்கூலுக்கு இரண்டு மைல், அங்கே நிறுத்தம், திரும்ப இரண்டு மைல். கன்வேட்டர் சூடாக நேரமே இல்லை. பெற்றரி இறங்கினால் நாலு பேர் சேர்ந்து தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிறோம். தள்ளும்போது எரியாத பெற்றோல் கீழே போகும். அவசரத்துக்கு ஒருநாள் தள்ளலாம், தினமும் தள்ளுவதென்றால் பெற்றரியை மாற்றுவதே இலாபம்.

சோதிப்பது எப்படி?

ஒரே சோதனையை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. கீழே உள்ளவற்றில் இரண்டாவது ஒத்துப்போக வேண்டும்.

1. தட்டிப் பார்த்தல். வண்டி நன்றாக ஆறியபின், ரப்பர் சுத்தியலால் கன்வேட்டரை மெதுவாகத் தட்டுங்கள். உள்ளே கல் உருள்வது போலச் சத்தம் வந்தால் பீங்கான் உடைந்திருக்கிறது. வெளியே உள்ள சூட்டுத் தகடு தளர்ந்தாலும் சத்தம் வரும். அதைக் கையால் பிடித்துக்கொண்டு தட்டினால் வித்தியாசம் தெரியும்.

2. வெக்யூம் கேஜ். அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க மலிவான வழி இது. எஞ்சினின் உறிஞ்சு குழாயில் கேஜை மாட்டி, எஞ்சினைச் சும்மா ஓடவிடுங்கள். கடல் மட்டத்தில் நல்ல எஞ்சின் 17 முதல் 21 அங்குலம் வரை காட்டும். ஆனால் நாங்கள் இருப்பது மலையில். ஒவ்வொரு 1000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். 6000 அடிக்கு மேலே இருக்கும் நுவரெலியாவில் 13 அங்குலம் காட்டினால் அது பழுதல்ல. 4000 அடி தாண்டிய ஹட்டனிலும் நாலு அங்குலம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கொழும்புக் கணக்கை வைத்து "எஞ்சின் போச்சு" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இனி எஞ்சினை நிமிடத்துக்கு 2500 சுற்றில் பிடியுங்கள். முள் ஒருதரம் இறங்கி, பழைய இடத்துக்குத் திரும்பி ஆடாமல் நின்றால் வழி திறந்திருக்கிறது. முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் புகை வெளியேற வழியில்லை.

3. பின்னழுத்தம். கராஜில் கேஜ் இருந்தால், கன்வேட்டருக்கு முன்னால் உள்ள ஒட்சிசன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் மாட்டிப் பார்க்கலாம். டயருக்குக் காற்றடிக்கும் அதே பீ.எஸ்.ஐ. அளவுதான். சும்மா ஓடும்போது 1.25க்குள்ளும், 2500 சுற்றில் 3க்குள்ளும் இருக்க வேண்டும். கூடினால் அடைப்பு. அடைப்பு கன்வேட்டரில்தானா, பின்னால் சைலன்சரிலா என்பதையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. சூடு. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, தொடாமல் சூடு பார்க்கும் கருவியால் கன்வேட்டரின் முன் வாயையும் பின் வாயையும் பாருங்கள். பழைய வண்டியில் பின்பக்கம் முன்பக்கத்தின் அளவோ, கொஞ்சம் கூடுதலாகவோ இருந்தால் உள்ளே வேலை நடக்கிறது. பின்பக்கம் நன்றாகக் குறைந்திருந்தால் சந்தேகம். இதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம்.

5. ஸ்கேனர். கன்வேட்டருக்குப் பின்னாலும் சென்சர் உள்ள வண்டிகளில் 'பீ 0420' என்ற குறியீடு வரலாம். கன்வேட்டரின் திறன் குறைவு என்பது அதன் பொருள். குழாயில் ஓர் ஒழுக்கு இருந்தாலும், சென்சர் பழுதானாலும் இதே குறியீடு வரக்கூடும். குறியீடு வந்தவுடன் சாமான் மாற்றுவது, காய்ச்சல் என்றவுடன் மலேரியா மருந்து கொடுப்பது போன்றது.

6. புகைப் பரிசோதனைச் சீட்டு. 2008இல் மேல் மாகாணத்தில் தொடங்கிய வாகனப் புகைப் பரிசோதனை, பின்பு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க நாங்கள் எடுக்கும் அந்தச் சீட்டில், பெற்றோல் வண்டிக்குக் காபனோரொட்சைட்டின் அளவும் ஐதரோகாபனின் அளவும் இருக்கும். அதை எறிந்துவிடாமல் கோப்பில் வையுங்கள். போன வருடத்தை விட இந்த வருடம் இரண்டும் ஏறியிருந்தால் வண்டி உங்களுக்கு ஏதோ சொல்கிறது.

கழுவினால் சரியாகுமா?

படிந்திருப்பது வெறும் கரி என்றால் ஓரளவு சரியாகலாம். முதலில் கரி வந்த காரணத்தைத் திருத்திவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடான பின் இருபது, முப்பது நிமிடம் நிறுத்தாமல் பெரிய ரோட்டில் ஓட்டுங்கள். பெற்றோல் டேங்கில் ஊற்றும் சுத்திகரிப்புத் திரவங்களும் மெல்லிய கரிக்குத்தான் உதவும். கழற்றி எடுத்துச் சுடுநீரும் சவர்க்காரத் தூளும் விட்டு ஊறவைத்துக் கழுவுவோரும் உண்டு. அப்படிச் செய்தால் முழுக்கக் காய்ந்த பிறகே பூட்ட வேண்டும்.

உருகிய பீங்கானையும், ஒயிலோ கூலன்டோ குடித்த ஊக்கியையும் எந்தத் தண்ணீரும் மீட்காது. பெற்றரி அசிட், கக்கூசு கழுவும் அசிட், தின்னர் ஆகியவற்றை ஊற்றவே கூடாது. பூச்சு கரைந்துவிடும், உங்கள் கண்ணுக்கும் ஆபத்து. கம்பி விட்டுக் குத்துவதும் கூடாது.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

முதலில் காரணத்தைத் திருத்துங்கள். பிறகுதான் சாமான் வாங்கப் போக வேண்டும்.

பழைய கன்வேட்டர் வாங்குவதானால் ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். கண்கள் ஒழுங்காக, வெளிச்சம் சீராகத் தெரிய வேண்டும். உடைந்து, உருகி, ஒயில் ஊறி இருந்தால் வேண்டாம். எஞ்சினின் அளவுக்குப் பொருந்துகிறதா என்றும் கேளுங்கள்.

கழற்றும்போது வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, டயருக்குக் கட்டை கொடுத்து, உறுதியான ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். கண்ணாடியும் முகக்கவசமும் போடுங்கள், உடைந்த பீங்கான் தூசி நெஞ்சுக்கு ஆகாது. பூட்டும்போது கெஸ்கட் புதிதாக இருக்கட்டும். பெட்டியில் அம்புக்குறி இருந்தால் அது பின்பக்கம், சைலன்சரை நோக்கி இருக்க வேண்டும்.

கழற்றிய பழைய சாமான் உங்களுடையது. அதிலுள்ள உலோகத்துக்காகப் பழைய கன்வேட்டர்களை வாங்குவோர் இருக்கிறார்கள். கராஜிலேயே விட்டுவிட்டு வராமல், ஒன்றுக்கு இரண்டு இடத்தில் விலை கேளுங்கள். 'காசு வேணாம், தூள் போதும்' என்றதன் இரகசியம் இப்போது புரிகிறதல்லவா?

உடைத்து எடுத்தால் என்ன?

உள்ளே உள்ளதை உடைத்து எடுத்தால் அடைப்புப் போகும், வண்டி இழுக்கும், உண்மைதான். ஆனால் காபனோரொட்சைட்டு மாற்றமில்லாமல் வெளியே வரும், அடுத்த புகைப் பரிசோதனையில் வண்டி விழவும் கூடும். அதைவிடப் பெரிய விஷயம், வேனுக்குள் இருப்பது பிள்ளைகள். குழாயில் ஓர் ஓட்டை, வேனின் தரையில் ஒரு துருப்பிடித்த துவாரம், மழைக்கு மூடிய கண்ணாடி, இவை போதும். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, குமட்டல், தூக்கம் என்றுதான் தொடங்கும். "வேன்ல வந்தா தலை வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் வாந்திக் குணம் என்று தட்டிவிடாமல், அன்றே குழாயையும் தரையையும் பாருங்கள்.

கன்வேட்டர் நன்றாக இருந்தாலும், குளிர்ந்த நிலையில் அது வேலை செய்யாது என்று முன்னே சொன்னோம். ஆகவே குளிருக்குக் கதவை மூடிக்கொண்டு செட்டுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். யாராவது மயங்கினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 1990 அம்பியூலன்ஸை அழையுங்கள். வரட்சிக் காலத்தில் மானாப்புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். சூடான கன்வேட்டர் காய்ந்த புல்லில் பட்டால் தீப்பற்றும்.

மாமாவும் மருமகனும் என்ன கண்டார்கள்?

மாமா எஞ்சினை நிறுத்தி, ஆறவிட்டு, மூன்று பிளக்கையும் கழற்றி வரிசையாகக் கடதாசியில் வைத்தார். இரண்டு இளம் மண்ணிறம். நடுவில் இருந்த பிளக் மட்டும் கறுத்து, ஈரமாய், பெற்றோல் மணத்தது. அதன் வயர் வெடித்திருந்தது. வயரும் பிளக்கும் மாற்றினார்கள். கராஜில் இரவல் வாங்கிய கேஜை மாட்டி 2500 சுற்றில் பிடித்தார்கள். முள் திரும்பி வந்து ஆடாமல் நின்றது.

மருமகன்: அப்ப கன்வேட்டர் அடைக்கவே இல்லியா மாமா?

மாமா: இன்னும் அடைக்கல. இப்படியே ஓட்டியிருந்தா அடைச்சிருக்கும். நீ உடைக்கக் குடுத்திருந்தா, கன்வேட்டரும் போயிருக்கும், பிளக் கோளாறும் அப்படியே இருந்திருக்கும்.

மருமகன்: நாளைக்குப் புள்ளைகள ஏத்தலாமா?

மாமா: கீழ குழாய் ஒழுகுதான்னு பாத்துட்டு ஏத்து. அந்தச் சீட்டயும் பத்திரமா வை.

கலந்து பேசுவோம்

1. உங்கள் வேனில் புகை எந்த நிறத்தில் வருகிறது? அதன் காரணம் என்னவாக இருக்கலாம்?
2. உங்கள் தோட்டம் எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது? வெக்யூம் கேஜில் எத்தனை அங்குலம் கழிக்க வேண்டும்?
3. கராஜில் ஒரு சாமானை மாற்றச் சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி எது?

மூன்றாம் கேள்விக்கு விடை: "அது ஏன் பழுதானது?" இதைக் கேட்பதற்குக் காசு தேவையில்லை. கேட்காமல் விட்டால்தான் செலவு.